கூட்டுவித்த கை: வெரிட்டி லாம்பர்ட்டின் தொலைக்காட்சிப் பணி

 

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை மட்டும் கூறி அமையவில்லை. ஆடலாசிரியன் எத்தகையவன், இசையாசிரியன் எத்தகையவன், பாட்டியற்றும் புலவன் எத்தகையவன், தண்ணுமை முழக்குவோனும் குழலூதுவோனும் யாழிசைப்போனும் எத்தகையோர் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலக்கணம் வகுக்கிறது. அரங்கின் அளவுகளையும், தூணின் நிழல் அவையில் விழாதவாறு விளக்கேற்றிய திறத்தையும்கூட அது சொல்லாமல் விடவில்லை. ஆயினும், இத்தனை பேரையும் ஓரிடத்தில் கூட்டுவித்த கைக்கு அங்கே தனி இலக்கணம் இல்லை. ஆடல் முடிந்ததும் அவை ஆடியவளைப் போற்றும், பாடியவரைப் போற்றும். கூட்டியவரை யாரும் கேட்பதில்லை.

தொலைக்காட்சி நாடகத்தில் அந்தக் கைக்குத் தயாரிப்பாளர் என்று பெயர். தயாரிப்பாளர் எழுதுவதில்லை; நடிப்பதில்லை; ஒளிப்பதிவுக் கருவியின் பின்னே நிற்பதுமில்லை. எதனை எடுப்பது, யாரை எழுதச் சொல்வது, யாரிடம் இயக்கத்தை ஒப்படைப்பது என்பனவே அவர்முன் நிற்கும் வினாக்கள். மேலிருப்போர் ‘வேண்டா’ என்னும்போது ‘வேண்டும்’ என்று சொல்வதும், சொன்னபின் அச்சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்பதும் அவர் கடன். இப்பணி கலையா, வெறும் நிருவாகமா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர், பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் உழைத்த வெரிட்டி லாம்பர்ட் என்னும் பெண்மணியின் வாழ்க்கையைக் கருதிப் பார்த்தல் நலம். வெரிட்டி என்னும் சொல்லுக்கு வாய்மை என்பது பொருள். பெயருக்கேற்ற வாழ்வு என்று எளிதாகப் புகழ்ந்துவிட்டுப் போகலாம். ஆனால் அவ்வாழ்வு அத்துணை எளிதாக அமைந்ததன்று.

தட்டச்சு மேசையிலிருந்து

வெரிட்டி லாம்பர்ட் 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கணக்காயர். ரோடீன் என்னும் புகழ்பெற்ற பெண்கள் பள்ளியில் பயின்றபின், பாரிசு நகரின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு கற்றார். பின்னர்ச் செயலாளர் பணிக்குரிய பயிற்சியும் பெற்றார். பாரிசில் பெற்ற பிரெஞ்சு மொழியறிவு அவருக்குத் தந்த முதல் வேலை, லண்டன் உணவு விடுதி ஒன்றில் உணவுப் பட்டியலைத் தட்டச்சுச் செய்வது.

1956ஆம் ஆண்டு கிரானடா தொலைக்காட்சியின் செய்தித் தொடர்புப் பிரிவில் செயலாளராகச் சேர்ந்தார். ஆறே திங்களில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்து ஏபிசி தொலைக்காட்சியில் சுருக்கெழுத்துத் தட்டச்சராகப் புகுந்து, நாடகத் துறைத் தலைவரின் செயலாளராகி, பின்னர்த் தயாரிப்பு உதவியாளரானார். அந்நாளில் தொலைக்காட்சி நிலையங்களுக்குள் பெண்கள் நுழைவதற்குப் பெரும்பாலும் திறந்திருந்த வாயில் தட்டச்சுப் பொறியே. அவ்வாயில் வழியே நுழைந்தோர் அம்மேசையிலேயே இருந்து முடிவதும் வழக்கமாயிருந்தது.

அந்நிறுவனத்தின் ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ என்னும் நாடக வரிசைக்கு சிட்னி நியூமன் என்னும் கனடா நாட்டவர் தலைமை ஏற்றிருந்தார். நாடகங்கள் நேரடியாக ஒளிபரப்பாயின. இயக்குநர் மேலறையில் அமர்ந்து பல ஒளிப்பதிவுக் கருவிகளின் காட்சிகளையும் ஒருங்கே நோக்கி, எக்கருவி எப்போது எதனைக் காட்ட வேண்டும் என்று ஆணையிடுவார். தவறினால் திருத்த வழியில்லை. நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

1958ஆம் ஆண்டு நவம்பரில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்னும் நாடகம் ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. நாடகத்தின் நடுவே, ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் இடையில், காரெத் ஜோன்ஸ் என்னும் நடிகர் மாரடைப்பால் சாய்ந்து உயிர் நீத்தார். நாடகமோ நிற்க இயலாது. இயக்குநர் டெட் காட்செஃப் மேலறையை விட்டு இறங்கி அரங்கிற்கு ஓடினார். இறந்தவரின் உரையாடலை மற்ற நடிகர்களுக்குப் பகிர்ந்தளித்துக் கதையை எவ்வாறேனும் நடத்திச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வேளையில் மேலறையில் அமர்ந்து கருவிகளுக்கு ஆணையிட்டு நாடகத்தை நடத்தியவர் இருபத்து மூன்று வயதை எட்டிய தயாரிப்பு உதவியாளர் வெரிட்டி லாம்பர்ட். நாடகம் முடிவுவரை ஒளிபரப்பாயிற்று.

இத்தகைய நிகழ்ச்சிக்குப் பின் ஓர் ஆடவர்க்கு உயர்வு வந்திருக்குமா என்பது ஆராய்தற்குரியது. லாம்பர்ட்டுக்கு வரவில்லை. அவர் தயாரிப்பு உதவியாளராகவே தொடர்ந்தார். 1961இல் நியூயார்க் சென்று, டேவிட் சஸ்கிண்ட் என்னும் தயாரிப்பாளரிடம் ஓராண்டு பணியாற்றித் திரும்பினார். இயக்குநராக வேண்டும் என்ற விருப்பத்துடன் திரும்பியவர்க்கு அதே பழைய நாற்காலியே காத்திருந்தது. இன்னும் ஓராண்டிற்குள் முன்னேற்றம் இல்லையெனில் இத்தொழிலையே துறந்துவிடுவது என்று தமக்குத் தாமே அவர் கெடு விதித்துக்கொண்டார்.

இருபத்தேழாம் வயதில்

அக்கெடு முடியுமுன் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1962ஆம் ஆண்டு இறுதியில் சிட்னி நியூமன் பிபிசியின் நாடகத் துறைத் தலைவராகச் சென்றார். சனிக்கிழமை மாலையில் குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து காணத்தக்க, காலத்தினூடே பயணம் செய்யும் ஒருவரைப் பற்றிய தொடர் ஒன்றினை அவர் திட்டமிட்டார். அதுவே ‘டாக்டர் ஹூ’. அதற்குத் தயாரிப்பாளராக முதலில் அணுகப்பட்டோர் வேறு சிலர். அவர்கள் மறுத்தபின்னரே, ஏபிசியில் தம்மோடு வாதிட்டுக்கொண்டிருந்த அந்த இளம்பெண் நியூமனின் நினைவுக்கு வந்தார். 1963ஆம் ஆண்டு சூன் திங்களில் லாம்பர்ட் பிபிசியில் சேர்ந்தார். அப்போது அவர்க்கு வயது 27. பிபிசி நாடகத் துறையில் அந்நாளில் இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர் அவர். தயாரிப்பாளர் அனைவரினும் இளையவரும் அவரே.

திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே உண்டு. வினைக்கு உரியவரைக் கண்டறிதல் ஒரு திறம். கண்டறிந்தபின் வினையை அவரிடமே விட்டுவிடுதல் அதனினும் அரிய திறம். நியூமனிடம் இவ்விரண்டும் இருந்தன என்பதைப் பின்னிகழ்ச்சிகள் காட்டும். லாம்பர்ட்டும் இவ்விரண்டையும் கற்றுக்கொண்டார் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

முதற்கதையை இயக்க அமர்த்தப்பட்டவர் வாரிஸ் உசேன். 1938இல் லக்னோவில் பிறந்தவர். பணி தொடங்கியபோது அவர்க்கு வயது 24. ‘சன்லைட் ஆன் எ புரோக்கன் காலம்’ என்னும் ஆங்கில நாவலை 1961இல் வெளியிட்ட அத்தியா உசேனின் மகன் என்பது இலக்கிய அவை அறிந்து மகிழத்தக்க செய்தி. ஆக, கனடாவிலிருந்து வந்த தலைவர், யூதக் குடும்பத்துப் பெண் தயாரிப்பாளர், இந்தியாவில் பிறந்த இளம் இயக்குநர் ஆகிய மூவர் அந்நிறுவனத்தின் பழைய தாழ்வாரங்களில் ஒன்றாக நடந்தனர். அவர்களை ஐயத்துடன் நோக்கிய கண்கள் பல.

தொடரின் நாயகராக நடிக்க வில்லியம் ஹார்ட்னல் என்னும் முதிய நடிகரைத் தேர்ந்தார் லாம்பர்ட். படைவீரர்களாகவும் முரடர்களாகவும் நடித்துப் பழகிய அவர், குழந்தைகளுக்கான தொடரில் நடிக்கத் தயங்கினார். லாம்பர்ட்டும் உசேனும் நேரில் சென்று பேசி இசைய வைத்தனர். முகப்பு இசையை ரான் கிரெய்னர் இயற்ற, மின்னணு ஒலிகளை நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டி அதற்கு உயிர் கொடுத்தவர் டெலியா டெர்பிஷயர் என்னும் பெண்மணி. இணையாசிரியராக அவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று கிரெய்னரே விரும்பியும், நிறுவன விதி இடந்தரவில்லை. தொடரின் திரையில் டெர்பிஷயர் பெயர் இடம்பெற 2013ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

ஒரு பகுதிக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 2,300 பவுண்டு. ஒதுக்கப்பட்ட இடம் லைம் குரோவ் என்னும் பழைய படப்பிடிப்பு நிலையம். விளக்குகளின் வெப்பம் மிகுந்தால் தீயணைப்பு நீர்த்தாரைகள் தாமே திறந்துகொள்ளும் அளவிற்கு அது பழுதுபட்டிருந்தது. செப்டம்பரில் பதிவான முதற்பகுதியைக் கண்ட நியூமன் அதனை ஏற்கவில்லை. குறைகளை நிரல்படக் கூறினார். ஆயினும், குழுவைக் கலைக்காமல், மீண்டும் எடுக்குமாறு பணித்தார். இரண்டாம் வாய்ப்பு அளித்தலும் தெரிந்து வினையாடலின் ஒரு கூறே எனலாம்.

திருத்திய பகுதி 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. முதல் நாள்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகமே துயரச் செய்தியில் மூழ்கியிருந்த அம்மாலையில் புதிய தொடரை நோக்கியவர் ஏறத்தாழ 44 லட்சம் பேர். அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்பாக முதற்பகுதியை மீண்டும் ஒளிபரப்ப வேண்டியதாயிற்று.

மறுக்கப்பட்ட கதை

லாம்பர்ட்டின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது இரண்டாம் கதையே. டெரி நேஷன் என்பார் எழுதிய அக்கதையில், அணுப் போரால் பாழ்பட்ட ஒரு கோளில் வாழும் ‘டாலெக்’ என்னும் இனம் வருகிறது. பகைமையால் உடல் சிதைந்து, உலோகக் கூட்டிற்குள் தம்மை அடைத்துக்கொண்ட உயிர்கள் அவை. தொடர்நாடகப் பிரிவின் தலைவர் டானல்ட் வில்சன் எழுத்துப் படியைப் படித்துவிட்டு, இது தகாது, எடுக்க வேண்டா என்றார். அரக்கப் பூச்சிகள் போன்ற வேற்றுலக உயிர்கள் தொடரில் தலைகாட்டக் கூடாது என்று நியூமனும் முன்பே விதித்திருந்தார்.

லாம்பர்ட்டின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பணியில் சேர்ந்து சில திங்களே ஆகியிருந்தன. முதல் முயற்சி ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. தொடர் நீடிக்குமா என்பதே உறுதியில்லை. மேலிருந்த இருவரும் விரும்பாத கதை அது. பணிந்திருந்தால் குறைகூறுவார் யாருமில்லை. அவரோ இக்கதையை எடுத்தே ஆக வேண்டும் என்றார். இதற்கு மாற்றாக ஆயத்தமாயிருந்த எழுத்துப் படி வேறு இல்லை என்னும் உண்மையும் அவர் பக்கம் நின்றது. ஆகவே, துணிவு ஒன்றாலேயே வென்றார் என்று மிகைப்படுத்திக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. வேறு வழியின்மையும் துணிவும் சேர்ந்தே அக்கதையை அரங்கேற்றின. ஆனால், வேறு வழியின்மையைச் சாக்காகக் காட்டி அரைமனத்துடன் செய்தாரல்லர். கதையில் நம்பிக்கை வைத்தே செய்தார். இவை வெற்று அரக்கர்கள் அல்லர், தம் பகைமையால் தம்மையே இழந்தவர்கள் என்று நியூமனிடம் வாதிட்டார்.

ரேமண்ட் கியூசிக் வடிவமைத்த அவ்வுலோக உருவங்கள் 1963 டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கிய கதையில் தோன்றின. கதை முடிவுறும் வேளையில் பார்வையாளர் தொகை 1 கோடியைக் கடந்தது. பிரித்தானியக் குழந்தைகள் அட்டைப் பெட்டிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு டாலெக் குரலில் பேசத் தொடங்கினர். வில்சன் லாம்பர்ட்டை அழைத்து, இத்தொடரைப் பற்றித் தம்மினும் அவரே நன்கறிவார் என்றும், இனித் தாம் தலையிடப் போவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். தவற்றை ஒப்புக்கொண்ட அவர் பெருந்தன்மையும் போற்றத்தக்கதே.

1965வரை அத்தொடரை நடத்திவிட்டு லாம்பர்ட் விலகினார். தொடர் 1989வரை நிகழ்ந்து, பின்னர் 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால், அவர் காலத்துப் பகுதிகள் அனைத்தும் காக்கப்படவில்லை. ஒளிநாடா விலை மிகுந்த பொருளாயிருந்தமையால், பழைய பதிவுகளை அழித்து அந்நாடாவிலேயே புதியவற்றைப் பதிவது அக்கால வழக்கம். வாரிஸ் உசேன் பெரும்பகுதியை இயக்கிய ‘மார்கோ போலோ’ கதையின் நாடாக்களும் அவ்வாறே அழிக்கப்பட்டன. சுவடிகளைச் செல்லுக்கும் வெள்ளத்துக்கும் இழந்த தமிழினத்திற்கு இவ்விழப்பின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: அங்கே செல் அரிக்கவில்லை, தாம் செய்தது கலை என்பதை அறியாத அலுவலகம் தன் கையாலேயே அழித்தது.

தோளோடு தோள்

பிபிசியில் அடுத்து அவர் செய்தவற்றுள், சாமர்செட் மாம் சிறுகதைகளைத் தழுவிய நாடக வரிசை 1969இல் தொடங்கிப் பாஃப்டா விருது பெற்றது. பின்னர் லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சியில் ‘பட்ஜி’ என்னும் தொடரைத் தயாரித்தார். இவற்றை விரைந்து கடந்து 1974க்கு வருவோம்.

பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி, சிறை சென்று, உண்ணாநோன்பிருந்து, வலிந்து உணவூட்டப்பட்ட பிரித்தானியப் பெண்களின் வரலாற்றை, நடிகை ஜார்ஜியா பிரவுன், மிட்ஜ் மெக்கன்சி, வெரிட்டி லாம்பர்ட் ஆகிய மூவரும் சேர்ந்து ‘ஷோல்டர் டு ஷோல்டர்’ என்னும் ஆறு பகுதித் தொடராக உருவாக்கினர். தோளோடு தோள் என்பது அத்தலைப்பின் பொருள். எம்மலின் பாங்கர்ஸ்டும் அவர்தம் மகளிரும் அதில் நடமாடினர். இயக்கிய இருவருள் ஒருவர் மொய்ரா ஆம்ஸ்ட்ராங் என்னும் பெண்மணி; மற்றவர் அதே வாரிஸ் உசேன்.

இத்தொடரில் ஒரு முரண்பாடு உண்டு. பெண்கள் கருக்கொண்டு, பெண்கள் தயாரித்த பெண்களின் வரலாறாகிய இதன் ஆறு பகுதிகளையும் எழுதியோர் ஆடவரே. எழுதியோர் திறமையில் குறையில்லை. ஆனால், தொலைக்காட்சி நாடகம் எழுதிப் பழகிய பெண்கள் அந்நாளில் எத்துணைச் சிலராயிருந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எழுதிப் பழக வேண்டுமாயின் முதல் வாய்ப்பு வேண்டும். முதல் வாய்ப்பு அளிப்போர் எழுதிப் பழகியவரையே தேடுகின்றனர். இவ்வட்டத்தை எங்கேனும் ஒருவர் உடைத்தாக வேண்டும்.

அதனை உடைக்கும் வாய்ப்பு ஒன்பதாண்டு கழித்து வந்தது. லிண்டா லா பிளாண்ட் என்பார் சிறு சிறு வேடங்களில் நடித்துக்கொண்டிருந்த நடிகை. தமக்குத் தரப்பட்ட பெண் பாத்திரங்களின் வறுமை கண்டு மனம் நொந்து, தாமே கதைக் குறிப்புகளை எழுதினார். அவற்றுள் ஒன்று: கொள்ளையடிக்கச் சென்ற இடத்தில் கணவர்கள் மாண்டுபோக, அவர்கள் விட்டுச்சென்ற திட்டத்தை அவர்தம் கைம்பெண்களே நிறைவேற்றும் கதை. வேறிடத்தில் மறுக்கப்பட்டுத் திரும்பிய அக்குறிப்பு, லாம்பர்ட் தலைமையில் இயங்கிய யூஸ்டன் பிலிம்ஸ் நிறுவனத்தை அடைந்தது. லாம்பர்ட்டும் அவருடன் பணியாற்றிய லிண்டா அக்ரனும் அதனை ஏற்றனர். திறம் வாய்ந்த ஆடவர் ஒருவரிடம் எழுத்தை ஒப்படைத்துவிட்டு, கருத்துத் தந்தவர்க்குச் சிறு தொகை கொடுத்து அனுப்புவது அத்தொழிலில் புதுமையன்று. அவ்வாறு செய்யாமல், லா பிளாண்டையே எழுதுமாறு பணித்தனர். ‘விடோஸ்’ என்னும் அத்தொடர் 1983இல் ஒளிபரப்பாகிப் பெருவெற்றி பெற்றது. அதே எழுத்தாளர் 1991இல் ‘பிரைம் சஸ்பெக்ட்’ தொடரின்வழி உலகப் புகழ் எய்தினார். 2018இல் ‘விடோஸ்’ திரைப்படமாகவும் வந்தது. ஒருவரின் ‘ஆம்’ என்னும் ஒரு சொல் மற்றொருவரின் எழுத்து வாழ்வாக மாறுதல் இங்ஙனமே.

தலைமை இருக்கை

1974ஆம் ஆண்டிலேயே லாம்பர்ட் தேம்ஸ் தொலைக்காட்சியின் நாடகத் துறைத் தலைவரானார். 1976 முதல் அதன் துணை நிறுவனமாகிய யூஸ்டன் பிலிம்சையும் மேற்பார்த்து, 1979இல் அதன் தலைமை நிருவாகியானார். இப்போது கதைகள் அவரைத் தேடி வந்தன. முன்பு வில்சன் அமர்ந்திருந்த பக்கத்தில் இப்போது அவர் அமர்ந்திருந்தார். மறுக்கும் ஆற்றல் கைக்கு வந்தபின் ஒருவர் அதனை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதே உண்மையான தேர்வு.

ஒருபாற்காதலராகிய குவென்டின் கிரிஸ்ப் என்பாரின் தன்வரலாற்றை நாடகமாக்கும் திட்டத்தைப் பிபிசி ஏற்கவில்லை. ஆண்களின் ஒருபாற்காதல் இங்கிலாந்தில் 1967வரை குற்றமாயிருந்தது. அதன் நிழல் மறையாத காலம் அது. லாம்பர்ட்டின் துறை அதனை ஏற்றது. ‘தி நேக்கட் சிவில் சர்வன்ட்’ 1975 டிசம்பரில் ஒளிபரப்பாயிற்று. நாயகராக நடித்த ஜான் ஹர்ட்டிற்குப் பாஃப்டா விருது கிட்டியது. எள்ளலுக்குரியவராகவே காட்டப்பட்டு வந்த ஒரு மனிதரை மதிப்புக்குரியவராக இல்லந்தோறும் கொண்டு சேர்த்த நாடகம் அது.

ஜான் மார்ட்டிமர் படைத்த முதுவழக்கறிஞர் ரம்போல் பாத்திரத்தைத் தொடராக்கப் பிபிசி காலம் தாழ்த்தியபோது, ஐரீன் ஷூபிக் என்னும் பெண் தயாரிப்பாளர் அதனுடன் தேம்சுக்கு வந்தார். லாம்பர்ட் வரவேற்றார். 1978இல் தொடங்கிய ‘ரம்போல் ஆஃப் தி பெய்லி’ 1992வரை நீடித்தது. அதே 1978இல் வாரிஸ் உசேன் இயக்கிய ‘எட்வர்ட் அண்டு மிசஸ் சிம்ப்சன்’ பாஃப்டா விருது பெற்றது. யூஸ்டனில் 1979இல் தொடங்கிய ‘மைண்டர்’ 1994வரை மக்களை மகிழ்வித்தது.

ஆற்றல் சேருமிடத்தில் பிழையும் சேரும். மூன்று பெண்கள் அமைத்த இசைக் குழுவைப் பற்றிய ‘ராக் ஃபாலிஸ்’ 1976இல் அவர் துறையிலிருந்து வெளிவந்து பெரிதும் பாராட்டப்பட்டது. ஆனால், அக்கருத்துத் தங்கள் குழுவைப் பற்றியது, தாங்கள் நம்பிக்கையின்பேரில் பகிர்ந்துகொண்டது என்று மூன்று நடிகையர் வழக்குத் தொடுத்தனர். நீண்ட வழக்கின் முடிவில் தேம்ஸ் நிறுவனம் தோற்றது. அந்நடிகையர்க்குப் பெருந்தொகை இழப்பீடாக வழங்க நேர்ந்தது. வாயாற் சொன்ன கருத்தும் சொன்னவர் உடைமையே என்பதை ஆங்கில நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய வழக்குகளுள் அது ஒன்று. லா பிளாண்டின் கதையை அவரிடமே விட்ட நேர்மையைப் போற்றும்போது, அதே தலைமையின் கீழ் நிகழ்ந்த இதனையும் மறைக்கலாகாது. ‘விடோஸ்’ உருவான காலமும் இவ்வழக்கு நிகழ்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பது சிந்திக்கத்தக்கது.

தோல்வியும் தொடர்ச்சியும்

1982ஆம் ஆண்டு இறுதியில் லாம்பர்ட் தார்ன் ஈஎம்ஐ திரைப்பட நிறுவனத்தின் தயாரிப்பு இயக்குநராகச் சென்றார். அமர்த்தியவர் விலகிச் செல்ல, புதிதாக வந்தவர்க்கு இவர்மீது விருப்பமில்லை. டென்னிஸ் பாட்டர் எழுதிய ‘ட்ரீம்சைல்ட்’, ஜான் கிளீஸ் நடித்த ‘கிளாக்வைஸ்’ ஆகியன அக்காலத்து அவர் மகிழ்ந்து நினைத்த படங்கள். ஏனைய நாட்கள் துன்பமானவை என்று பின்னாளில் அவரே கூறினார். 1985இல் ‘சினிமா வெரிட்டி’ என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். உண்மைப் படம் என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடர் ஒன்றையும் தம் பெயரையும் இணைத்து அமைத்த சிலேடைப் பெயர் அது.

குழந்தையைக் காட்டுநாய் தூக்கிச் சென்றது என்று கூறியும் நம்பப்படாமல், கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைசென்ற ஆஸ்திரேலியத் தாய் லிண்டி சேம்பர்லெய்ன் வரலாற்றை ‘எ க்ரை இன் த டார்க்’ என 1988இல் திரைப்படமாக்கினார். தாயாக நடித்த மெரில் ஸ்ட்ரீப் 1989 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது பெற்றார். ஆலன் பிளீஸ்டேல் எழுதிய ‘ஜிபிஎச்’ என்னும் அரசியல் நாடகம் 1991இல் நான்காம் அலைவரிசையில் வந்தது. 1990ஆம் ஆண்டு எடின்பரோ தொலைக்காட்சி விழாவில் புகழ்மிக்க மெக்டகார்ட் நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தும் சிறப்பும் அவரைச் சேர்ந்தது.

இவ்வுச்சியில்தான் பெருந்தோல்வி வந்தது. ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் குடியேறிய பிரித்தானியரைப் பற்றிய ‘எல்டொராடோ’ என்னும் தொடரைப் பிபிசிக்காக அவர் நிறுவனம் தயாரித்தது. ஸ்பெயினில் ஒரு சிற்றூரையே புதிதாகக் கட்டினர். 1992 சூலையில் வாரம் மும்முறையாகத் தொடங்கிய ஒளிபரப்பு, ஓராண்டு கழித்து 1993 சூலையில் நிறுத்தப்பட்டது. நடிப்பில் பயிற்சியின்மை, ஒலிப்பதிவுக் குறை, ஆயத்தத்திற்குக் காலம் போதாமை என நாளிதழ்கள் நாள்தோறும் எள்ளி நகையாடின. எல்டொராடோ என்னும் சொல்லே வீண்செலவிற்கு மறுபெயராயிற்று. முப்பதாண்டு உழைப்பினை மறந்து, ஓராண்டுப் பிழையைக் கொண்டே ஒருவரை அளக்கும் உலக வழக்கிற்கு அவரும் விலக்கல்லர்.

அவரோ பணியைத் தொடர்ந்தார். டேவிட் ரென்விக் எழுதிய ‘ஜோனத்தன் கிரீக்’ என்னும் துப்பறியும் தொடரை 1998 முதல் தயாரித்தார். அதே எழுத்தாளரின் ‘லவ் சூப்’ தொடரிலும் பணியாற்றினார். அறுபது வயதைக் கடந்தபின்னும், தலைமை இருக்கையை விட்டிறங்கி, ஒரு தொடரின் தயாரிப்பாளராக எழுத்தாளர் அருகே அமர்வதில் அவர்க்கு இழிவு தோன்றவில்லை. 2002இல் ஓபிஇ விருதும் பாஃப்டாவின் ஆலன் கிளார்க் விருதும் அவர்க்கு வழங்கப்பட்டன. 2007 நவம்பர் 22ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் அரங்கேற்றிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் நாற்பத்து நான்காம் பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்னதாக அம்மறைவு நிகழ்ந்தது. அவ்வாண்டு வெளிவந்த ஒரு பகுதியில், நாயகன் மானிட உருவில் வாழுங்கால் தன் பெற்றோர் பெயர் சிட்னி, வெரிட்டி என்று கூறுவான். படைத்தோர்க்குப் படைப்பு செலுத்திய நன்றி அது.

நிறைவாக

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்குத் திரும்புவோம். கூட்டுவிக்கும் பணி கலையா, நிருவாகமா? லாம்பர்ட் அம்மையாரின் வாழ்வு தரும் விடை இது: பிறர் எழுத்தை, அது முழுமை பெறுமுன்னரே உள்ளத்தால் கண்டு, அதற்காக வாதாடி நிற்பது கலையே, நிருவாகம் அக்கலைக்குக் கருவி. நல்லவற்றை நல்லவை என்று எல்லோரும் கூறியபின் கூறுவதில் அருமையில்லை. மறுக்கப்பட்ட டாலெக் கதை, ஏற்கப்படாத கிரிஸ்பின் வரலாறு, திருப்பியனுப்பப்பட்ட கைம்பெண்களின் கதை ஆகியவற்றுள் பொன்னைக் கண்ட கண் அரிய கண். அக்கண் சிலவேளை பிழைபடும், ‘எல்டொராடோ’வில் பிழைபட்டது. பிழைபடும் அச்சத்தால் எல்லாவற்றையும் மறுப்பவர்க்குத் தோல்வி இல்லை. ஆனால், அவர்வழி எதுவும் பிறப்பதுமில்லை.

அவர்க்குப் பெண் என்பதால் வந்த தடைகள் பல. தம்மைத் தட்டச்சு மேசையில் நிறுத்திய உலகத்தை அவர் பழிதீர்த்தது சினத்தால் அன்று. தாம் அமர்ந்த இருக்கைக்குப் பக்கத்தில் மேலும் சில இருக்கைகளை இட்டதால். ஆம்ஸ்ட்ராங்கும் அக்ரனும் ஷூபிக்கும் லா பிளாண்டும் அவ்விருக்கைகளில் அமர்ந்தோர்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்விலக்கிய வட்டத்திலும் மேடையில் கவிதை படித்தோர் பெயர்கள் மலரில் இடம்பெறும். அக்கவிதையை முதன்முதலில் படித்துப் பார்த்து, ‘இதனை அடுத்த கூட்டத்தில் படியுங்கள்’ என்று கூறியவர் யார்? தயங்கி வாயிலருகே நின்ற புதியவரை உள்ளே அழைத்தவர் யார்? அவர்கள் பெயர் எந்த மலரிலும் அச்சாவதில்லை. அவர்களுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அவர்கள் பணியும் படைப்பே. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் எத்தனை கவிதைகளை அரங்கேற்றியது என்பதோடு, எத்தனை முதற்கவிதைகளுக்கு ‘ஆம்’ என்றது என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். முதல் எழுத்துப் படியைக் கையில் ஏந்தி வாயிலில் நிற்பவர் யாரேனும் இன்றும் இருக்கக்கூடும்.